நாய் கடித்த பிள்ளைக்குப் பத்தியம் உண்டா?

மீமிசல் கடற்கரை ஊர். மீன் குழம்பு இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சோறு இறங்குமா? ஆனால் நாய் கடித்துவிட்டால், "மீன் ஆகாது, முட்டை ஆகாது" என்று பத்தியம் போடுவோர் உண்டு.

இந்தப் பத்தியம் தேவை இல்லை!

வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கடிவாயில் புகுந்து, நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. நோய் கண்டுவிட்டால் பிழைப்பது மிக அரிது.

ஆகவே, கடித்த உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி வைக்காதீர்கள். கட்டுப் போடாதீர்கள். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

1885-ல் பாரிசில், நாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டரின் ஊசி போடப்பட்டது. சிறுவன் பிழைத்தான். 1907-ல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது.

தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் ஊசி, கைக்குழந்தைக்குத் தொடையில். ரத்தம் வந்த காயமானால், காயத்தைச் சுற்றியும் வேறொரு மருந்து போடுவார்கள்.

அடிக்குப் பயந்து கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. தாய்மார்களே, திட்டாமல் கேளுங்கள். சின்னக் கீறலையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

மீனைத் தாராளமாகக் கொடுங்கள். ஊசித் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்!