தெய்வப் பெண்ணும் மானிடப் பெண்ணும்

காஞ்சிபுரத்துச் சிவாலயங்களில் அம்பிகைக்கெனத் தனிச் சந்நிதி அமைப்பதில்லை என்பது ஊர் வழக்கு. அவை அனைத்திற்கும் காமாட்சி ஒருத்தியே நாயகி என்பர். தெய்வப் பெண்ணுக்கு இத்துணை உயர்வு அளித்த சமய மரபு, மானிடப் பெண்ணுக்கு எதனை அளித்தது? இவ்வினாவையே இன்று உங்களோடு ஆராய விழைகின்றேன்.

முதற்கண் கல்வெட்டைக் காண்போம். ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் இராசசிம்ம பல்லவன் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்தான். அதன் முன்னே நிற்கும் சிறு கோயில்களுள் ஒன்றைக் கட்டியவள் அவன் தேவி ரங்கபதாகை. அறம் செய்து தன் பெயரைக் கல்லில் நிறுத்தும் உரிமை அவளுக்கு இருந்தது. எனினும் அரசியைக் கொண்டு குடிமகளை அளத்தல் பொருந்தாது.

கோயிலையே வாழ்வாகக் கொண்ட தேவரடியாரை நோக்குவோம். ஆடலையும் இசையையும் காத்தவர்கள் அவர்கள். மணமான பெண்டிர் பெறாத சொத்துரிமையும் அவர்கட்கு இருந்தது. ஆயின், பொட்டுக் கட்டப்பட்ட சிறுமியின் விருப்பத்தை யார் கேட்டனர்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927 முதல் சென்னைச் சட்டமன்றத்தில் இதனை எதிர்த்து வாதாடினார். சமயத்தின் பெயரால் மறுப்பும் எழுந்தது. 1947இல் சட்டம் அவ்வழக்கத்தைத் தடுத்தது. கொடுமை நீங்கிற்று; அதனோடு அம்மகளிர் பலரின் கலைவாழ்வும் சரிந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இனித் தறிக்கு வருவோம். உடலும் கரையும் வேறு வேறு நிறமாய் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவர் அருகே துணைக்கு ஒருவர் இருந்து நாடா எறிதல் வேண்டும். வீட்டுப் பெண்டிர் பட்டிழை சுற்றுவர், தார் சுற்றுவர், தறியிலும் அமர்வர். ஆயினும் நெசவாளி என்றவுடன் நம் நினைவில் எழுவது ஆண்மகனே அன்றோ?

வணக்கம் வேறு, உரிமை வேறு. கோயிலில் பெற்ற வணக்கம் இல்லத்தில் உரிமையாக மாறுவதற்குச் சட்டமும் வேண்டியிருந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்குப் பங்கு அளித்தது. குடும்பப் பொதுச்சொத்தில் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989இல் மணமாகாத மகளிர்க்கு வழங்கிற்று. 2005இல் அவ்வுரிமை நாடெங்கும் மகளிர் அனைவர்க்கும் விரிந்தது.

மரபு மாறாத பாறையன்று. 2023இல் தமிழக அரசின் அர்ச்சகர் பயிற்சியை மூன்று பெண்கள் நிறைவு செய்தனர். ஆதலின், மாணவர்களே, ஒரு வழக்கம் பெண்ணைப் போற்றுகின்றதா என்று மட்டும் கேளாதீர்கள். அவள் விருப்பத்தையும் உழைப்பையும் பங்கையும் அது ஏற்கின்றதா என்றும் கேளுங்கள்.