பிள்ளைகளோடு போகையில் விசா ஆன் அரைவல்

ஒரு நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதியை, அந்த நாட்டு விமான நிலையத்தில் இறங்கிய பிறகு கவுன்ட்டரில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு விசா ஆன் அரைவல் என்று பெயர். தூதரகத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் வேலை இதில் இல்லை. அதனால் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இந்த வசதி உள்ள நாடுகளை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தோனேசியாவும் மாலத்தீவும் இப்படிப்பட்ட நாடுகள். இந்தோனேசியாவின் பாலித் தீவை நோக்கிப் பிள்ளைகளோடு போகும் குடும்பங்களை வைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் நெளிவுசுளிவுகள் நன்றாகவே புரியும்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது, விசா ஆளுக்கு ஒன்று என்பது. கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். முன்பெல்லாம் பெற்றோரின் பாஸ்போர்ட்டிலேயே பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கம் இருந்தது. இயந்திரம் படிக்கும் பாஸ்போர்ட்டுகள் வந்தபின் அது மறைந்துவிட்டது; பிறந்து இரண்டு மாதமே ஆன குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா.

கட்டணத்தில் மட்டும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. இலங்கையின் மின்னணுப் பயண அனுமதிக்கு 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பணம் கட்ட வேண்டியதில்லை. மாலத்தீவில் பெரியவர், சிறியவர் யாருக்குமே கட்டணம் கிடையாது. இந்தோனேசியாவில் இந்தச் சலுகை எதுவும் இல்லை: தலைக்கு 5 லட்சம் இந்தோனேசிய ரூபியா. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபியா. கேட்கத் தலை சுற்றினாலும், மாற்று விகிதத்தைப் பொறுத்து ஒருவருக்கு 2,600 முதல் 3,000 இந்திய ரூபாய்க்குள் அடங்கும். பாலிக்குப் போகிறவர்கள் 2024 பிப்ரவரி 14 முதல் நடைமுறையில் உள்ள சுற்றுலா வரியாகத் தலைக்கு 1,50,000 ரூபியாவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கட்டணம் இல்லாத நாட்டிலும் குழந்தைக்கான படிவத்தைத் தனியாக நிரப்பத்தான் வேண்டும். மாலத்தீவுக்கான பயண அறிவிப்பை விமானம் புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். மடியில் உட்கார்ந்து வரும் குழந்தைக்கும் அது கட்டாயம்.

குடும்பங்கள் அதிகம் சறுக்கும் இடம் குழந்தையின் பாஸ்போர்ட். இந்தியாவில் பெரியவர்களுக்கு 10 ஆண்டுக்குப் பாஸ்போர்ட் தருகிறார்கள். பிள்ளைகளுக்கு 5 ஆண்டுதான், அல்லது 18 வயது நிறையும் வரை. இரண்டில் எது முந்தி வருகிறதோ அதுவரை. 15 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் வேண்டுமானால் 10 ஆண்டுக்குக் கேட்டு வாங்கலாம். இந்தோனேசியாவில் இறங்கும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் 6 மாதமாவது செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும். ஆகவே குழந்தையின் 5 ஆண்டு பாஸ்போர்ட் பயணத்துக்கு உதவுவது நான்கரை ஆண்டுதான். அப்பா தன்னுடையதைப் புரட்டிப் பார்த்து ‘2031 வரை இருக்கிறது’ என்று நிம்மதியாக மூடி வைப்பார். அதே நாளில் வாங்கிய மகளின் பாஸ்போர்ட் நான்கு மாதத்தில் முடியப் போகிறது என்பது கண்ணில் படாமலே போய்விடும்.

படத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நான்கு மாதக் குழந்தையாக, தலையில் முடிகூட முளைக்காத முகத்தோடு எடுத்த படம் உள்ளே இருக்கும். எதிரே நிற்பதோ நான்கரை வயதுச் சிறுமி. அதிகாரி படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பதில் வியப்பில்லை. பாஸ்போர்ட் செல்லும்தான். ஆனாலும் பிறப்புச் சான்றிதழின் நகல் கையில் இருந்தால் பேச்சு சட்டென்று முடியும்.

தமிழ்க் குடும்பங்களுக்குப் பெயரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மிடம் வழக்கத்தில் இல்லை. தந்தையின் பெயர்தான் இனிஷியலாக முன்னே நிற்கிறது. பாஸ்போர்ட்டில் குழந்தைக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறும். அம்மாவின் பாஸ்போர்ட்டிலோ அவருடைய அப்பாவின் பெயர் இருக்கும். அம்மாவும் பிள்ளையும் மட்டும் போகும்போது, இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு இருவரும் ஒரே குடும்பம் என்பது குடும்பப் பெயரை வைத்துத் தெரியாது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களின் பாடு இன்னும் கடினம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலாவாக வருகிறவர்களை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பின்னர் தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் அச்சாகியிருந்தால் விசா ஆன் அரைவலில் வருகிறவர்களை அனுமதிக்கலாம் என்று தளர்த்தியது. குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவது பிற்காலத்துக்கு நல்லது. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். பெயர் வைப்பதற்கு முன்பே வாங்கிய சான்றிதழ் பல வீடுகளில் இன்னும் அப்படியே கிடக்கிறது.

பிள்ளை பெற்றோரில் ஒருவரோடு மட்டும் போகும்போது மற்றவருடைய சம்மதக் கடிதம் கேட்கப்படலாம். பெற்றோர் பிரிந்த நிலையில் ஒருவர் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடும் வழக்குகள் உலகெங்கும் இருப்பதுதான் இதற்குக் காரணம். இதற்கென்றே 1980-இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இந்தியா அதில் சேரவில்லை. எல்லா நாடும் கடிதத்தைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும், நோட்டரி முத்திரையோடு ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் வைத்திருப்பதால் நட்டம் எதுவும் இல்லை. தாத்தா பாட்டியோடு அனுப்பும்போது இன்னும் கவனம் தேவை. பிலிப்பைன்ஸில் 15 வயதுக்குட்பட்ட வெளிநாட்டுப் பிள்ளை தாயோ தந்தையோ இல்லாமல் வந்தால், பெற்றோரின் சம்மதப் பத்திரத்தோடு தனி அனுமதியும் வாங்கிக் கட்டணமும் செலுத்த வேண்டும்.

குடும்பத்தில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஒரே நாட்டினுடையதாக இருக்கும் என்பதும் இல்லை. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றில் அப்பாவும் பிள்ளையும் சிங்கப்பூர்க் குடிமக்கள், அம்மா இந்தியக் குடிமகள் என்று வைத்துக்கொள்வோம். பாலியில் இறங்கும்போது ஆசியான் நாட்டவர் என்பதால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் விசா வேண்டாம். அம்மா மட்டும் விசா கவுன்ட்டரில் பணம் கட்டிவிட்டு வர வேண்டும். விதி பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான், உறவை அல்ல.

‘அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்’ என்றாலும், முதல் சோதனை சென்னையிலேயே நடக்கிறது. போர்டிங் பாஸ் தரும் கவுன்ட்டரில் விமான நிறுவன ஊழியர், எந்த நாட்டவருக்கு எங்கே என்ன ஆவணம் வேண்டும் என்று காட்டும் டைமேட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்க்கிறார். தகுதியில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் நிறுவனமே திருப்பி அழைத்துவர வேண்டும், பல நாடுகளில் அபராதமும் கட்ட வேண்டும். ஆகவே பாஸ்போர்ட்டின் 6 மாதம், திரும்பி வரும் டிக்கெட், இரண்டிலும் ஊழியர் விட்டுக்கொடுக்க மாட்டார். குழந்தையின் பாஸ்போர்ட்டில் குறை இருந்தால் குடும்பமே அங்கிருந்து திரும்ப வேண்டியதுதான்.

வழியில் விமானம் மாறும் ஊரையும் மறக்கக் கூடாது. சென்னையிலிருந்து பாலிக்குப் பெரும்பாலும் சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகத்தான் போகிறார்கள். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டிகள் நேரே பாலிக்குப் போய்விடும். பயணிகள் குடிநுழைவைத் தாண்டாமலே அடுத்த விமானத்தில் ஏறலாம். விலை குறைவு என்று இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்து, சிங்கப்பூரில் பெட்டியை வாங்கி மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வந்தால், இந்தியர்களுக்கு சிங்கப்பூர் விசா தேவைப்படும். அந்த விசா இறங்கிய இடத்தில் கிடைப்பதல்ல.

பாலியின் நுரா ராய் விமான நிலையத்தில் முதலில் வருவது விசாவுக்குப் பணம் கட்டும் கவுன்ட்டர். ரூபியாவாகவோ முக்கிய வெளிநாட்டு நாணயமாகவோ கார்டிலோ செலுத்தலாம். அடுத்து குடிநுழைவு, அதன்பின் பெட்டி, கடைசியில் சுங்கம். இரவு விமானத்தில் வந்த குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும், அதிகாரி முகத்தைப் பார்க்க வேண்டும் என்பார், எழுப்பினால் அழுகை. இரண்டு வரிசையில் ஒன்றையாவது குறைக்க விரும்பும் குடும்பத்துக்கு இ-விஓஏ எனப்படும் இணைய வழி உதவும். கட்டணம் அதேதான், வீட்டிலிருந்தே ஒவ்வொருவருக்கும் விண்ணப்பித்துப் பணம் கட்டிவிடலாம், கிடைத்த 90 நாளுக்குள் நுழைய வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே மேல். அரசின் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் வாங்கும் இடைத்தரகர் தளங்கள் ஏராளம் என்பதால் முகவரி இந்தோனேசிய அரசுக்கு உரிய ‘கோ.ஐடி’ என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

தங்கும் காலம் 30 நாள். இன்னும் 30 நாளுக்கு ஒரே ஒரு முறை நீட்டிக்கலாம். இறங்கிய நாளே முதல் நாளாகக் கணக்காகும். ஏப்ரல் 1 இரவு 11 மணிக்குக் குடிநுழைவைத் தாண்டினாலும் அந்த நாள் போய்விட்டது. ஏப்ரல் 30 தான் கடைசி. அதற்கு மேல் தங்கினால் நாளொன்றுக்கு, தலைக்கு 10 லட்சம் ரூபியா அபராதம். நான்கு பேர் இரண்டு நாள் தாமதித்தால் 80 லட்சம் ரூபியா. ஆகவே கவுன்ட்டரை விட்டு நகரும் முன் நான்கு பாஸ்போர்ட்டையும் திறந்து, பிள்ளைகளுடையதிலும் முத்திரையும் தேதியும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிழை இருந்தால் அந்த அதிகாரியிடமே அப்போதே சொல்லித் திருத்திக்கொள்ளலாம். ஓட்டலுக்குப் போன பிறகு கண்டுபிடித்தால் குடிநுழைவு அலுவலகத்துக்கு அலைய நேரிடும்.