முடி துறந்தவனின் முடிவு

வாரந்தோறும் இதழ் வந்ததும் அதை முதலில் எடுப்பவர் யார் என்பதே தொடர்கதை படித்த வீடுகளில் ஒரு வழக்காக இருந்தது. 'கல்கி' வார இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' அவ்வாறு வாசகரை ஆட்கொண்டது. அதனை எழுதிய பேராசிரியர் கல்கி நம் பகுதிக்கு அந்நியர் அல்லர். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்தில் தங்கி, 1929-இல் தொடங்கிய 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழுக்குத் துணைநின்றவர்.

ஐந்தாம் பாகமாகிய 'தியாக சிகரம்' நிறைவுற்றபோது வாசகர் சிலர் மனநிறைவு கொள்ளவில்லை. கதை திடீரென முடிந்துவிட்டதே, வந்தியத்தேவன் பின்னர் என்னவானான், குந்தவை என்னவானாள் என்றெல்லாம் கேட்டு எழுதினர். கல்கி அவர்களைப் புறக்கணிக்கவில்லை. முடிவுரை ஒன்றை எழுதி, அவர்தம் ஐயங்களுக்கு விளக்கம் தந்தார்.

ஆயினும் கதை நிற்க வேண்டிய இடத்திலேயே நின்றது. மக்கள் விரும்பிய அருள்மொழிவர்மன், தன்னைத் தேடிவந்த மணிமுடியை உத்தம சோழனுக்குச் சூட்டினான். அதனினும் உயர்ந்த சிகரம் ஏது?

எம்மாவுக்குச் சென்ற சீடர் இருவரும் இத்தகைய ஏமாற்றத்தோடுதான் நடந்தனர். இஸ்ரயேலை மீட்பவரை எதிர்பார்த்திருந்த அவர்களுக்குச் சிலுவையே முடிவாகத் தோன்றிற்று. பாடுகளின் வழியாகவே மெசியா மாட்சிமை அடைய வேண்டும் என்பதை, உடன் நடந்த ஆண்டவரே விளக்கினார்.

தம்பியின் படிப்புக்காகத் தன் படிப்பை விடுத்துத் தறியில் அமர்ந்த அக்காள் நம் பங்குகளிலும் உண்டு. அவளுக்கு எவரும் முடி சூட்டுவதில்லை. அவள் கதை அத்துடன் முடிந்தது என்று எண்ணாதீர்கள். அதற்கு முடிவுரை எழுதுபவர் ஆண்டவர்.