உங்களுக்குத் தெரியுமா? ‘அமாங் அஸ்’ கள்ளனைப் பிடிக்க...

● ‘அமாங் அஸ்’ வீடியோ கேம் 2018-லேயே வெளிவந்துவிட்டது. அப்போது சீண்ட ஆளில்லை. 2020 ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட உலகம்தான் அதைத் தேடிப் பிடித்து ஆடியது.

● கூட்டத்தில் ஒளிந்திருக்கும் கள்ளனைக் கண்டுபிடிக்கும் இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாத்தா ‘மாஃபியா’. 1986-ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவர் திமித்ரி தவிதோவ் உருவாக்கியது. கள்ளர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் கூட்டாளி யாரென்று அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் நிறையப் பேர். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆட்டத்தின் சூட்சுமமே இதுதான்.

● “குரல் தடுமாறுது, இவன்தான் இம்போஸ்டர்!” என்று ‘அமாங் அஸ்’ஸில் கள்ளனைச் சுட்டி ஓட்டுப் போடுகிறவரா நீங்கள்? பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய ஏராளமான ஆய்வுகளை 2006-ல் பாண்ட், டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் திரட்டிப் பார்த்தார்கள். மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டாலே 50 கிடைக்கும்! ஆகவே குரலை விடுங்கள், மேப்பைப் பாருங்கள்.

● ‘ஸ்கெல்ட்’ என்ற விண்கல மேப்பில் கார்டு தேய்ப்பதும் வயர் இணைப்பதும் பொது டாஸ்க்குகள் (வேலைகள்). ஒரு க்ரூமேட்டுக்கு (கள்ளனல்லாதவருக்கு) வந்தால் எல்லா க்ரூமேட்டுக்கும் வரும். உங்கள் டாஸ்க் பட்டியலில் கார்டு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் அட்மின் அறையில் கார்டு தேய்த்ததாகச் சாதிக்கிறார். அவசரப்பட்டு மடக்காதீர்கள். “வேற என்ன டாஸ்க் பண்ணீங்க?” என்று பேச விடுங்கள். இன்னும் இரண்டு பொய் சேர்ந்து வரும். பிறகு எல்லாரையும் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். இதைவிட வலுவான சாட்சி இந்த ஆட்டத்தில் அபூர்வம்.

● மெட்பே அறை ஸ்கேனரில் ஏறி நின்றவரைச் சுற்றிப் பச்சை ஒளி ஓடினால் அவர் நல்லவர். இம்போஸ்டர் எவ்வளவு நேரம் நின்றாலும் ஒளி வராது. ஆனால் ஆட்ட ரூமைத் திறந்தவர் செட்டிங்ஸில் இதை அணைத்து வைத்திருந்தால் யாருக்குமே வராது!

● ஒருவர் டாஸ்க் முடித்தும் திரையில் மேலேயுள்ள பச்சைப் பட்டை நகரவில்லையா? சந்தேகம் நியாயம்தான், தீர்ப்பு வேண்டாம். வயர் இணைப்பதுபோல் பல கட்டமாக வரும் டாஸ்க்கில் கடைசிக் கட்டம் முடிந்தால்தான் பட்டை ஏறும். பாவம், எத்தனை அப்பாவிகள் இதனாலேயே வெளியே தள்ளப்பட்டார்களோ!

● விளக்கு அணைந்தால் க்ரூமேட்டுக்குக் கண் மங்கும், இம்போஸ்டருக்கு மங்காது. இருட்டிலும் தூரத்தில் நடந்ததைப் புட்டுப்புட்டு வைக்கிறவரைக் கொஞ்சம் கவனியுங்கள்.

● கேமராவில் சிவப்பு விளக்கு மினுக்கினால் யாரோ பார்க்கிறார்கள் என்று பொருள். விவரம் தெரிந்த கள்ளன் அந்த நேரத்தில் சாதுவாக நடந்துபோவான்.

● வென்ட் என்ற காற்றுக்குழாயிலிருந்து ஒருவர் வெளியே வந்தால் முன்பெல்லாம் கேள்வியே கிடையாது, அவர்தான் கள்ளன். 2021 நவம்பரில் ‘இன்ஜினியர்’ வேடம் வந்தது. அந்த க்ரூமேட்டும் வென்ட்டில் இறங்கலாம். ஓட்டுப் போடுமுன், உங்கள் ரூமில் அந்த வேடம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.