கார் இல்லாம ஊட்டி போக முடியுமா? இ-பாஸ் முதல் டவுன் பஸ் வரை... ஒரு பட்ஜெட் கணக்கு!

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒருத்தர் "ஊட்டி போலாமா?" என்று கேட்பார். ஐந்து பேர் ஹார்ட் போடுவார்கள். அடுத்து ஒருத்தர் வாடகை கார், ரூம், சாப்பாடு என்று கணக்குப் போட்டு அனுப்புவார். அதோடு குரூப் சைலன்ட்!

எங்கள் குரூப்பில் இது மூன்று முறை நடந்தது. நான்காவது முறை, ஒரு ஜனவரி கடைசியில், நானும் கல்லூரித் தோழியும் காரைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டுக் கிளம்பினோம். பில்லில் பாதி அங்கேயே குறைந்துவிட்டது.

இ-பாஸ் யாருக்கு வேணும்?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் ஆனது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு ஒரு உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுப்பாடு வண்டிக்குத்தான். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. அதாவது, கையில் காசு குறைவாக இருப்பவருக்குத்தான் ஃபார்மாலிட்டியும் குறைவு. நம்ம வாழ்க்கையில் இப்படி அபூர்வமாகத்தான் நடக்கும்!

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பி, விடிகாலையில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். அங்கிருந்து மலை ரயில். 46 கி.மீ. தூரத்துக்கு நான்கரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ரயில் என்பதால், டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்களுக்கும் கிடைக்கவில்லை. பஸ்ஸில் குன்னூர் வரை ஏறி, அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் பிடித்தோம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக வரும். நீராவி இன்ஜினும் பல்சக்கரமும் குன்னூருக்குக் கீழே உள்ள பகுதியில்தான், மேலே டீசல். ஆனால் ஜன்னலோரக் குளிர் ஒன்றுதான், டிக்கெட் விலைதான் வேற.

மேப் சொல்லாத ஏற்றம்

நாங்கள் ஏமாந்தது ரூமில். ஆப்பில் இருப்பதிலேயே மலிவான ரூமைப் பிடித்தோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து 700 மீட்டர் என்று காட்டியது. நடந்தே போயிடலாம் என்று நினைத்தோம். மலையூரில் 700 மீட்டர் என்றால் அது செங்குத்து ஏற்றமாகவும் இருக்கலாம் என்பது, பையைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் மூச்சு வாங்கிய பிறகுதான் உறைத்தது. அடுத்த இரண்டு நாளும் ஆட்டோதான். ரூமில் மிச்சம் பிடித்த காசு ஆட்டோவில் போயே போச்சு.

சுடுதண்ணீர் கதை தனி. காலை 7 முதல் 8 வரை மட்டும்தான் வரும் என்று செக்-இன் செய்த பிறகுதான் சொன்னார்கள். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். 8.10-க்கு எழுந்த என் நிலைமையை நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

அதனால் புக் பண்ணும் முன் ஒரு போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். சுடுதண்ணீர் எத்தனை மணிக்கு? கூடுதல் கம்பளி இலவசமா? பஸ் ஸ்டாண்டிலிருந்து சமதளமா, மேடா? ஊட்டியில் பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் நூறு, இருநூறு கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

அக்டோபர், நவம்பரிலும் வாடகை இறங்கும். அதற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை குன்னூர் பக்கம் பலமாக அடிக்கும். மண் சரிந்தால் மலை ரயிலே ரத்தாகும். லீவை நீட்டிக்க முடியாதவர்களுக்கு அது மலிவு இல்லை. ஜனவரி பிற்பாதி, பிப்ரவரி வார நாட்கள்தான் என் சாய்ஸ். ஸ்வெட்டர் மட்டும் கனமாக இருக்கட்டும்.

தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை. சில்லறை போட்டு நிரப்பிக்கொள்ளத் தண்ணீர் ஏ.டி.எம்.கள் இருக்கின்றன.

டவுன் பஸ் யாருடையது?

கோத்தகிரி, கோடநாடு காட்சிமுனை என்று எல்லாமே பஸ்ஸில் சுற்றினோம். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தை மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கும் அறிவிப்பு 2024-25 தமிழக பட்ஜெட்டிலேயே வந்துவிட்டது. சாதாரணக் கட்டணப் பேருந்தா என்று மட்டும் கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டோம்.

இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கோத்தகிரியில் ஏறினோம். பெரிய பைகளோடு நாங்கள் இரண்டு பேர், இன்னும் சில டூரிஸ்ட்டுகள். சீட் எல்லாம் நிறைந்துவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் தேயிலைத் தோட்ட வேலை முடிந்து பெண்கள் ஏறினார்கள், கூடவே யூனிஃபார்மில் பிள்ளைகள். எல்லோரும் நின்றுகொண்டே வளைவுகளில் ஆடி ஆடி வந்தார்கள். பக்கத்தில் நின்ற அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். மே மாதத்தில் சில நாள் பஸ்ஸில் ஏறவே இடம் இருக்காதாம். இதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கணுமாம். எழுந்து இடம் கொடுத்தேன். "பரவாயில்ல கண்ணு, நீ ஊருக்குப் போற பொண்ணு" என்று உட்காரவே இல்லை. மடியில் இருந்த என் பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

காருக்கு இ-பாஸ் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. பஸ்ஸில் ஏறும் எங்களை யாரும் எண்ணுவதில்லை.

மூன்றாம் நாள் டைமிங்கை மாற்றிக்கொண்டோம். ஸ்கூல், தோட்ட வேலை நேரம் முடிந்து பத்தரைக்குக் கிளம்பி, மூன்று மணிக்குள் திரும்பிவிட்டோம். பையை ரூமிலேயே வைத்துவிட்டோம். இரண்டு பஸ்ஸிலும் ஜன்னல் சீட்!