ஊசி போடும் முன்...

ஆபீசில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்ப்பவர், என் கணவர். தீராத கழுத்து வலிக்கு, பிசியோதெரபி நிலையத்தில், 'டிரை நீடிலிங்' செய்யலாம் என்றனர். மருந்தே இல்லாத மெல்லிய ஊசியை, இறுகிப் போன தசை முடிச்சில் குத்தி எடுப்பது. மருந்து இல்லாததால் தான், 'டிரை!' குத்தும்போது தசை வெட்டி இழுக்குமாம்.

ஊசியை கையில் எடுத்த பிறகும், 'என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' என்று கேட்கவில்லை. 'இவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுறார் தம்பி...' என, நானே சொன்னேன். சட்டென ஊசியை வைத்து, 'டாக்டரை கேட்டுட்டு வாங்கம்மா...' என்றார்.

டாக்டரோ, 'தோள் பக்கம் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் கூட படலாம். நல்ல பயிற்சி பெற்றவரிடம் தான் போகணும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஊசி போட்டாலும், கழுத்து பயிற்சியை விடக் கூடாது...' என்றார்.

பயிற்சியை மட்டும், இப்போது தினமும் என் மேற்பார்வையில் செய்கிறார்!

- வாசகி, திருச்சி.