தொண்டைமானாற்று நீரும் பறவைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. எனினும் அதன் வடகரையில் ஓர் ஊர் ஆற்றின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதுவே தொண்டைமானாறு. சோழர் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், உப்பேற்றும் மரக்கலங்கள் உட்புகுமாறு இவ்வழியை வெட்டுவித்தான் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. இயல்பில் இது வடமராட்சிக் கடல்நீரேரி கடலோடு கலக்கும் வாயிலேயாகும்.

விடுமுறைக் காலத்திற் கூடாரமடித்துத் தங்கிப் பறவைகளைக் காண விழைவோர்க்குத் தை, மாசி மாதங்களே ஏற்றவை. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, நீர் வற்றத் தொடங்கும் காலம் அது. வடநாடுகளின் கடுங்குளிருக்கு அஞ்சித் தெற்கே வந்த பறவைகள் அப்பொழுது இங்கே தங்கியிருக்கும்.

விடியற்காலையில், செல்வச்சந்நிதி முருகன் கோயில் மணியோசை கேட்கும் தொலைவிலேயே பார்வையைத் தொடங்கலாம். சூரியனை முதுகுப்புறத்தே வைத்துக்கொண்டு நிற்பது நன்று. எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருநிழலாகவே தோன்றும். முதலிற் பார்க்கவேண்டியது பறவையையன்று, நீரின் ஆழத்தையே. நீர் விளிம்பிலுள்ள ஈரச் சேற்றில் உப்புக்கொத்திகள் ஓடுவதும் நிற்பதுமாய்க் கண்ணாற் கண்ட புழுவைக் கொத்தும். கணுக்காலளவு நீரில் உள்ளான்கள் அலகைச் சேற்றுட் செலுத்தித் துழாவும். இன்னும் ஆழ்ந்த இடத்தில் நெடுங்கால் உள்ளானும், நீண்ட அலகுடைய மூக்கானும் மேயும். அதற்கும் அப்பால் ஊசிவால் வாத்துக்கள் தலையை நீருள் அமிழ்த்தி வாலை மேலே நிறுத்தும். ஒரே நீர்நிலையில் இத்தனை இனங்கள் சண்டையின்றி உண்பதன் மருமம் இதுவே: காலின் நீளமும் அலகின் நீளமும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பந்தியை வகுத்துவிடுகின்றன.

பூநாரையின் பந்தி வேறுவகைப்பட்டது. அது தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகினால் நீரை உள்ளிழுத்து, நாவினால் வெளியே தள்ளும். அலகின் ஓரத்துச் சிறு தகடுகள் அரிப்புப் போல நின்று நுண்ணுயிர்களைத் தேக்கிக்கொள்ளும். உவர்நீரில் வாழும் அவ்வுயிர்களிலுள்ள நிறப்பொருளே அதன் இறகுக்குச் செந்நிறம் அளிக்கின்றது. தெற்கே சரசாலையிற் கண்டல் அடர்ந்த இடத்திற்கு ஊரார் இட்ட பெயரே குருவிக்காடு.

வெயில் சாய்ந்தபின் வல்வெட்டித்துறையை நோக்கிக் கிழக்கே கரையோரமாக நடக்கலாம். கடல் இடக்கைப் பக்கத்திலிருக்கும். வெயில் முதுகிற் படும். இக்கரை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. ஆலா உயரத்திலிருந்து நீருட் பாய்ந்து மீனைப் பற்றும். கடற்காகமோ மீனவர் வலையுதறும் இடத்திற் காத்திருந்து சிந்தியதைப் பொறுக்கும்.

அந்தச் சுண்ணாம்புப் பாறையே இவ்விடத்தின் பெருஞ்சிக்கலுக்கும் காரணம். மழைநீர் பாறைப் பிளவுகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கின்றது. குடாநாட்டுக் கிணறுகள் அதனையே நம்பியிருக்கின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலேறும். ஆகவேதான் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வாயிலிற் கதவுகளுடன் கூடிய அணை கட்டப்பட்டது. வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதும், கடல்நீரை உள்ளே விடாது தடுப்பதும் அதன் பணி. 1950களிற் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம், ஆனையிறவுக் கடல்நீரேரியையும் நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வழியே அந்நீரை வடமராட்சிக்குக் கொணரும் திட்டத்தை முன்வைத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என மக்கள் அறிந்த திட்டம் அது.

நீர் நன்னீரானால் கிணறு இனிக்கும், வயல் விளையும். ஆனால் உவர்ச்சேறு குறையுமிடத்திற் பூநாரைக்கு உணவும் குறையும். நீர் ஆண்டு முழுதும் ஆழமாய் நின்றால் வாத்துக்கு வாழ்வு. குறுங்கால் உள்ளானுக்கு இடமில்லை. கதவு எப்பொழுது திறக்கும், எவ்வளவு நீர் எஞ்சும் என்பதனால் உழவர் நலன் மட்டுமன்றி, கண்டம் கடந்து வரும் பறவைகளின் உணவும் நிருணயமாகின்றது.

எனவே பறவை காணச் செல்வோர் குறிப்பேட்டில் இனத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் எழுதுதல் போதாது. நாளையும், நீரின் ஆழத்தையும், கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதையும் சேர்த்தெழுதவேண்டும. அத்தகைய குறிப்புகள் பல ஆண்டுகளுக்குத் திரளுமாயின், கிணற்றையும் பறவையையும் ஒருங்கே காக்கும் நீர்மட்டம் யாது என்பதை ஆராய்வோர்க்கு அவை பெருந்துணையாகும்.